யாருக்கு யார் தோழி?

காய்ச்சலை அளக்க வெப்பமானி இருக்கிறது. எடையை அளக்கத் தராசு இருக்கிறது. நில நடுக்கத்தை அளக்கவும் கருவி உண்டு. நட்பை அளக்க ஏதாவது வழி இருக்கிறதா?

"நட்பையாவது, அளப்பதாவது!" என்று நீங்கள் சிரிக்கலாம். நட்பு மனத்துக்குள் இருப்பது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. உண்மைதான். ஆனால் மின்சாரத்தையும் நாம் கண்ணால் பார்ப்பதில்லையே! விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது. அவற்றைக் கொண்டு மின்சாரம் இருப்பதை அறிகிறோம். அதுபோல நட்புக்கும் வெளியே தெரியும் அடையாளங்கள் உண்டு. யார் பக்கத்தில் யார் உட்காருகிறாள்? மதிய இடைவேளையில் யாருடைய டப்பாவிலிருந்து யார் உரிமையோடு எடுத்துத் தின்கிறாள்? யாரிடம் மட்டும் இரகசியம் சொல்லப்படுகிறது? இவற்றைக் கவனிக்கலாம், எண்ணலாம், குறித்து வைக்கலாம். படமாகக்கூட வரையலாம்.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள நடுநிலைப் பள்ளிப் பருவத்தில் நட்பு பெரிய விஷயமாகிவிடுகிறது. 'அவளுக்கு எல்லோரும் சிநேகிதிகள். எனக்குத்தான் யாருமில்லை' என்ற எண்ணம் ஒரு சிறுமிக்கு வந்துவிட்டால் பாடம் மண்டையில் ஏறாது. சோறு தொண்டையில் இறங்காது. வீட்டில் சொன்னால், "இதெல்லாம் ஒரு கவலையா? போய்ப் படி!" என்பார்கள். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதை ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டவற்றுள் சில நமக்கு வியப்பைத் தரும். சில ஆறுதலைத் தரும். அவற்றைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

பதினான்கு பெண்கள் ஓடிப்போனார்கள்

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், ஹட்ஸன் என்று ஓர் ஊர். அங்கே பெண்களுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி இருந்தது. நீதிமன்றங்கள் அனுப்பிவைத்த பதின்ம வயதுப் பெண்கள், ஏறத்தாழ 500 பேர், அங்கேயே தங்கிப் படித்தார்கள். ஒரே பெரிய விடுதியில் அல்ல. தனித்தனிச் சிறு இல்லங்களில். ஒவ்வோர் இல்லத்தையும் கவனித்துக்கொள்ள ஓர் இல்லத்தாய் உண்டு.

1932-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு விபரீதம் நடந்தது. இரண்டே வாரங்களில் 14 பெண்கள் பள்ளியை விட்டு ஓடிப்போய்விட்டார்கள். இது வழக்கத்தைப் போல 30 மடங்கு!

ஏன் ஓடினார்கள்? ஓடிய பெண்கள் ஒவ்வொருவரின் குணத்தையும் தனித்தனியே ஆராய்ந்தால் விடை கிடைத்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர் வேறு விதமாகச் சிந்தித்தார். ருமேனியாவில் பிறந்து, வியன்னாவில் மருத்துவம் படித்து, 1925-இல் அமெரிக்காவில் குடியேறியவர் அவர். ஹெலன் ஜென்னிங்ஸ் என்ற பெண் ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து அவர் அந்தப் பள்ளியின் பெண்களிடம் மிக எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்.

'நீ யார் யாருடன் ஒரே இல்லத்தில் வசிக்க விரும்புகிறாய்? ஐந்து பேரைச் சொல்.'

அவ்வளவுதான். விடைகளை வைத்துக்கொண்டு மொரேனோ படம் போட்டார். ஒவ்வொரு பெண்ணும் ஒரு சிறு வட்டம். ஒருத்தி மற்றொருத்தியைத் தேர்ந்தெடுத்திருந்தால், இந்த வட்டத்திலிருந்து அந்த வட்டத்துக்கு ஒரு கோடு. வரைந்து முடித்ததும், அதுவரை எவர் கண்ணிலும் படாத ஒன்று தாளின் மேல் தெரிந்தது. ஓடிப்போன பெண்கள் தன்னந்தனியே முடிவு செய்து ஓடியவர்கள் அல்லர். நட்புக் கோடுகள் அவர்களைப் பிணைத்திருந்தன. வாய்க்கால் வழியே தண்ணீர் வயலுக்கு வயல் பாய்வதுபோல, 'ஓடிவிடலாம்' என்ற எண்ணம் அந்தக் கோடுகளின் வழியே பரவியிருந்தது. அந்தப் பெண்கள்கூட இதை உணர்ந்திருக்கமாட்டார்கள்!

இத்தகைய படத்துக்கு 'சோஷியோகிராம்' என்று பெயர். 'சமூக வரைபடம்' என்று நாம் சொல்லலாம். 1933 ஏப்ரல் 3-ஆம் தேதி 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் இந்தப் படங்களைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. நாடுகளுக்கு வரைபடம் போடுவதுபோல மன உணர்ச்சிகளுக்கும் ஒரு பூகோளம் வந்துவிட்டது என்று அது வருணித்தது. மொரேனோ அத்துடன் நிற்கவில்லை. யார் எந்த இல்லத்தில் தங்குவது என்பதை அந்தப் பெண்களின் விருப்பத்தைப் பார்த்து மாற்றி அமைக்கச் செய்தார். அதன் பிறகு ஓடிப்போவது குறைந்தது என்று அவர் எழுதியிருக்கிறார்.

நாமும் ஒரு படம் வரைவோம்

ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு சிறு வட்டங்கள் போடுங்கள். அவற்றுக்குள் அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ என்று எழுதுங்கள். இவர்கள் ஏழு பேரும் ஒரே வகுப்பில் படிக்கும் கற்பனை மாணவிகள். 'உ' என்ற வட்டம் நடுவில் இருக்கட்டும்.

இப்போது கோடுகள் போடுவோம். உ-வுக்கு நான்கு தோழிகள்: அ, ஆ, இ, ஈ. எனவே உ-விலிருந்து நான்கு கோடுகள். அ-வும் ஆ-வும் தமக்குள் தோழிகள். அங்கே ஒரு கோடு. ஈ-க்கும் ஊ-வுக்கும் ஒரு கோடு. ஊ-வுக்கும் எ-க்கும் ஒரு கோடு. மொத்தம் ஏழு கோடுகள். இரு பக்கமும் ஒப்புக்கொண்ட நட்புகளை மட்டுமே இங்கே வரைந்திருக்கிறோம்.

படத்தைப் பாருங்கள். நான்கு பேரின் நடுவில் இருக்கும் உ-வைப் போன்றவர்களை மொரேனோ 'நட்சத்திரம்' என்று அழைத்தார். அ, ஆ, உ ஆகிய மூவரும் ஒருவருக்கொருவர் தோழிகள்; இது 'முக்கோணம்'. உ, ஈ, ஊ, எ என்று ஒருத்தியைத் தொட்டு ஒருத்தி நிற்பது 'சங்கிலி'. எந்தக் கோடும் தொடாத வட்டம் ஒன்று இருந்தால் அவள் 'தனித்தவள்'. நம் படத்தில் அப்படி யாரும் இல்லை. ஹட்ஸன் பள்ளியில் இருந்தார்கள். 500 பேர் நடுவே வாழ்ந்தும் ஒருவராலும் தேர்ந்தெடுக்கப்படாத பெண்கள்!

ஏழு பேரில் ஐந்து பேர்

இப்போது ஒரு சிறு கணக்கு. நம் ஏழு பேரில் ஒவ்வொருத்திக்கும் எத்தனை தோழிகள்? அ-வுக்கு 2, ஆ-வுக்கு 2, இ-க்கு 1, ஈ-க்கு 2, உ-வுக்கு 4, ஊ-வுக்கு 2, எ-க்கு 1. கூட்டினால் 14. ஏழால் வகுத்தால் சராசரி 2.

ஆனால் ஒரு பெண் தன்னை வகுப்புச் சராசரியுடனா ஒப்பிட்டுப் பார்க்கிறாள்? இல்லை. தன் தோழிகளுடன்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறாள். அந்தக் கணக்கையும் போட்டுவிடுவோம்.

அ-வின் தோழிகள் உ-வும் ஆ-வும். அவர்களுக்கு முறையே 4, 2 தோழிகள்; சராசரி 3. அ-வுக்கோ இரண்டே பேர். ஆகவே 'என்னைவிட என் தோழிகளுக்குத் தோழிகள் அதிகம்' என்று அ நினைப்பாள். ஆ-வுக்கும் இதே கதை. ஈ-யின் தோழிகள் உ, ஊ. அவர்களின் சராசரியும் 3. அவளும் அப்படியே நினைப்பாள். இ-க்கு இருப்பவள் உ ஒருத்திதான். அவளுக்கு 4 பேர், இ-க்கு 1. எ-க்கு இருப்பவள் ஊ மட்டும். அவளுக்கு 2 பேர், எ-க்கு 1. ஆக ஏழு பேரில் ஐந்து பேர் 'நான்தான் குறைந்தவள்' என்று எண்ண இடமிருக்கிறது! உ-வும் ஊ-வும் மட்டுமே இதற்கு விலக்கு.

இது எப்படி? யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. உ-வுக்கு நிறையத் தோழிகள் இருப்பதாலேயே அவள் நான்கு பேருடைய கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். ஒரே தோழி உள்ள இ-யோ ஒருத்தியுடைய கணக்கில் மட்டுமே வருகிறாள். அதிகத் தோழிகள் உள்ளவள் எல்லோர் கண்ணிலும் படுகிறாள். குறைவாக உள்ளவள் சிலர் கண்ணிலேயே படுகிறாள். அதனால் சுற்றிப் பார்க்கும்போது உலகமே நம்மைவிட அதிகம் தோழமை உடையதாகத் தோன்றுகிறது.

இதை 1991-இல் எடுத்துக் காட்டியவர் ஸ்காட் ஃபெல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலார். ஜேம்ஸ் கோல்மன் என்பவர் 1950-களின் இறுதியில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் திரட்டிய விவரங்கள் அவருக்குக் கிடைத்தன. அவற்றில் ஒரு பள்ளி மாணவிகளின் நட்புக் கோடுகளைத்தான் அவர் எண்ணிப் பார்த்தார். தங்கள் தோழிகளின் சராசரியைவிடக் குறைந்த தோழிகளைக் கொண்டவர்களே அங்கு அதிகம் இருந்தார்கள். இதற்கு 'நட்பு முரண்' என்று பெயர்.

ஆகவே, 'எல்லோருக்கும் என்னைவிடச் சிநேகிதிகள் அதிகம்' என்று தோன்றினால் உடனே உங்களிடம் ஏதோ குறை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதில் ஒரு பங்கு வெறும் கணக்கின் வேலை!

பிடித்தவளா, பிரபலமானவளா?

'நட்சத்திரம்' என்றோம். அப்படியானால் எல்லோருக்கும் பிடித்தவள்தான் வகுப்பில் பிரபலமானவள் என்று சொல்லிவிடலாமா? ஆராய்ச்சியாளர்களும் நெடுநாள் அப்படித்தான் எண்ணி வந்தார்கள்.

1982-இல் ஜான் கூய், கென்னத் டாட்ஜ், ஹைடி கோப்போட்டெல்லி ஆகிய மூவர் ஒரு கேள்விக்குப் பதில் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். 'உனக்கு மிகவும் பிடித்தவர் யார்?' 'உனக்கு மிகவும் பிடிக்காதவர் யார்?' விடைகளை எண்ணியபோது மாணவர்கள் ஐந்து வகையாகப் பிரிந்தார்கள். பலருக்குப் பிடித்தவர்கள், பலருக்குப் பிடிக்காதவர்கள், இடைப்பட்டவர்கள் என்ற மூன்று வகையும் எதிர்பார்த்தவையே. மற்ற இரண்டும் சுவையானவை. ஒரு சிலரைப் பலருக்குப் பிடிக்கிறது; அதே சமயம் பலருக்குப் பிடிக்கவுமில்லை. வேறு சிலரைப் 'பிடிக்கும்' என்று சொல்வாரும் இல்லை. 'பிடிக்காது' என்று சொல்வாரும் இல்லை. அவர்கள் இருப்பதையே யாரும் நினைக்கவில்லை! பிடிக்காமல் போவது வேறு, கவனிக்கப்படாமல் போவது வேறு என்பது இதனால் தெளிவாயிற்று.

1998-இல் ஜெனிஃபர் பார்க்ஹர்ஸ்ட், ஆண்ட்ரியா ஹாப்மையர் என்ற இருவர் நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் இன்னொரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டார்கள். 'உங்களுள் பிரபலமானவர் யார்?' இதற்கு வந்த விடைகளையும் 'எனக்குப் பிடித்தவர்' என்ற விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பட்டியலும் ஒன்றாக இல்லை! சில பெயர்கள் இரண்டிலும் இருந்தன. ஆனால் 'பிரபலம்' என்று சொல்லப்பட்டவர்களில் பலரை மற்றவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பலருக்குப் பிடித்தவர்களில் பலரைப் 'பிரபலம்' என்று எவரும் சொல்லவில்லை.

இந்த இரு சாராரின் குணங்களும் வேறுபட்டிருந்தன. பிடித்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது அன்பானவர், நம்பத் தகுந்தவர் என்றார்கள். பிரபலமாக மட்டும் இருந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது அதிகாரம் செய்பவர், தலைக்கனம் பிடித்தவர் என்றார்கள்.

ஹெலன் ஜென்னிங்ஸ் 1943-இல் எழுதிய நூலிலும் இதற்கு ஒரு முன்னறிவிப்பு இருக்கிறது. ஹட்ஸன் பள்ளியில் மிகப் பலரால் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவர் கவனித்தார். அவர்கள் பிறருடைய கஷ்டத்தைக் கவனித்தார்கள். மற்றொருத்திக்காகப் பரிந்து பேசினார்கள். தங்கள் எரிச்சலைப் பிறர்மேல் கொட்டவில்லை.

எனவே ஒரு வகுப்பில் இரண்டு ஏணிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பிரியத்தின் ஏணி. மற்றது அந்தஸ்தின் ஏணி. ஒன்றில் ஏறினால் மற்றதிலும் தானாக ஏறிவிடுவோம் என்று நினைப்பதுதான் தவறு.

மேலே போனவள் ஏன் இறங்குகிறாள்?

இந்த இரண்டு ஏணிகளின் கதையை அருகிலிருந்தே பார்த்தவர் டோனா ஈடர் என்ற சமூகவியலார். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில், மதிய உணவு வேளையில், அவர் மாணவிகளுடன் உட்கார்ந்து அவர்கள் பேசுவதையும் பழகுவதையும் கவனித்து வந்தார். தாம் கண்டதை 1985-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

அமெரிக்கப் பள்ளிகளில் விளையாட்டுப் போட்டி நடக்கும்போது மைதானத்தின் ஓரத்தில் சில மாணவிகள் ஒரே மாதிரி உடை அணிந்து, குதித்தும் கோஷமிட்டும் தங்கள் அணிக்கு உற்சாகமூட்டுவார்கள். அவர்களைச் 'சியர்லீடர்' என்பார்கள். ஒரு சிலரே தேர்ந்தெடுக்கப்படுவார்கள். பள்ளி முழுவதும் அவர்களைப் பார்க்கும். எல்லோருக்கும் அவர்கள் பெயர் தெரியும். ஈடர் கவனித்த பள்ளியில் பிரபலமாவதற்கு முக்கியமான வழி இதுவே. ஒருத்தி சியர்லீடர் ஆகிவிட்டால் அவளுடைய தோழிகளுக்கும் அந்தப் புகழில் பங்கு கிடைக்கும். ஆகவே பலரும் அவளுடன் சிநேகம் கொள்ள விரும்பினார்கள்.

அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒருத்தியை நோக்கி முப்பது பேர் நட்புக் கரம் நீட்டுகிறார்கள் என்று வையுங்கள். அவளுக்கும் நாளொன்றுக்கு இருபத்து நான்கு மணி நேரம்தான். முப்பது பேருடனும் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? முப்பது பேரின் கதையையும் கேட்க முடியுமா? சிலருடன் மட்டுமே பழகுவாள். போதாக்குறைக்கு, புகழில்லாத பெண்களுடன் காணப்பட்டால் தன் அந்தஸ்து குறைந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. அதனால் மற்றவர்கள் புன்னகைத்தாலும் பேச வந்தாலும் அவள் பாராமுகமாகப் போகிறாள். உடனே 'அவளுக்குத் தலைக்கனம்' என்ற பேச்சு கிளம்புகிறது. அவளை விரும்பியவர்களே வெறுக்கத் தொடங்குகிறார்கள். பிரபலம் கொண்டுவந்த விருப்பத்தைப் பிரபலமே கொண்டுபோய்விடுகிறது. இதைப் 'பிரபலத்தின் சுழற்சி' என்று ஈடர் அழைத்தார்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அந்தச் சியர்லீடர் பெண் கெட்டவளாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. நல்லவளாகவே இருந்தாலும், தன்னை நோக்கி வரும் எல்லாக் கோடுகளுக்கும் அவளால் பதில் கோடு போட முடியாது. வெளியே நிற்பவளுக்கு அது கர்வமாகத் தெரிகிறது. மேசையின் இரு பக்கமும் வருத்தம் இருக்கிறது. ஒரு பக்கத்து வருத்தம்தான் வெளியே தெரிகிறது.

கை ஓங்காத அடி

அந்தஸ்தின் ஏணியில் ஏறிவிட்டவர்கள் அதைக் காப்பாற்றிக்கொள்ளச் சில ஆயுதங்களைக் கையாள்வதுண்டு. அந்த ஆயுதங்கள் கண்ணுக்குத் தெரியாதவை. 'அவளோடு பேசினால் என்னோடு பேசாதே' என்பது ஒன்று. இல்லாததைக் காதோடு காதாகப் பரப்புவது ஒன்று. வேண்டுமென்றே ஒருத்தியை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் பிறந்த நாளுக்கு அழைப்பது இன்னொன்று. அடித்தால் தழும்பு தெரியும், ஆசிரியரிடம் காட்டலாம். இதை எதைக் காட்டி முறையிடுவது?

1995-இல் நிக்கி கிரிக், ஜெனிஃபர் குரோட்பீட்டர் என்ற இருவர் இதையும் ஒருவகைத் தாக்குதலாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று காட்டினார்கள். 'உறவுவழித் தாக்குதல்' என்று இதைச் சொல்லலாம். உடம்பை அல்ல, உறவை அடிப்பதால் இந்தப் பெயர்.

இது பெண்களுக்கே உரிய குணம் என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. 2008-இல் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள வித்தியாசம் மிக மிகச் சிறியது என்று தெரியவந்தது. அப்படியானால் பெண்களிடம் இது ஏன் ஆழமாகப் பாய்கிறது? ஜேனட் லீவர் 1976-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு குறிப்புத் தருகிறது. பையன்கள் பெருங்கூட்டமாக விளையாட, பெண்கள் இரண்டு மூன்று பேராகவே சேர்ந்து விளையாடுவதை அவர் கண்டார். பதினைந்து பேர் கொண்ட கூட்டத்தில் ஒருவன் பேசாவிட்டால் இன்னும் பதின்மூன்று பேர் இருக்கிறார்கள். இருவரே உள்ள நட்பில் ஒருத்தி பேசாவிட்டால் மிச்சம் யார்?

2004-இல் ஆண்டோனியஸ் சிலெஸன், லாரா மேயூ ஆகியோர் வெளியிட்ட ஆய்வு மேலும் கவலை தருவது. 10 வயது முதல் 14 வயது வரை அதே மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். வயது ஏற ஏற, உறவுவழித் தாக்குதல் செய்பவர்கள் அதிகப் பிரபலமானார்கள். ஆனால் அவர்களைப் பிடித்தவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். பெண்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அதாவது, அந்தஸ்தின் ஏணியில் மேலே போகப் போக, பிரியத்தின் ஏணியில் கீழே வந்துகொண்டிருந்தார்கள்.

பந்து என்னிடம் வரவில்லை

'பேசாவிட்டால் போகட்டும்' என்று சும்மா இருந்துவிட முடியாதா? அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

சோதனை எளியது. கணிப்பொறித் திரையில் மூன்று பேர் பந்தை மாற்றி மாற்றி எறிகிறார்கள். அவர்களில் ஒருவர் நீங்கள். முதலில் பந்து உங்களிடமும் வருகிறது. பிறகு மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே எறிந்துகொள்கிறார்கள். உங்களிடம் பந்து வரவே இல்லை. உண்மையில் அந்த இருவரும் மனிதர்களே அல்லர். கணிப்பொறிக்குக் கொடுத்துவைத்த கட்டளைகள்தாம்! ஆனாலும் மனம் வாடிவிடுகிறது.

கேத்தரின் செபாஸ்டியன், சாரா-ஜேன் பிளேக்மோர் முதலிய ஆய்வாளர்கள் இந்த விளையாட்டை 11 முதல் 15 வயது வரையுள்ள பெண்களையும் வயது வந்த பெண்களையும் ஆடச் செய்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். பந்து வராமல் போனதும் எல்லோருக்குமே வருத்தம் ஏற்பட்டது. ஆனால் சிறுமிகளின் மனநிலை பெரியவர்களைவிட அதிகமாகச் சரிந்தது. ஆகவே ஒரு பெண் தோழி பேசவில்லை என்று அழும்போது, 'இதற்குப் போயா?' என்று கேட்பது நியாயமல்ல. அந்த வயதில் அது உண்மையாகவே அதிகம் வலிக்கிறது.

ஒரு கோடு போதும்

அப்படியானால் எத்தனை தோழிகள் இருந்தால் போதும்?

1998-இல் கேத்தரின் பேக்வெல்லும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு நீண்ட ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்தபோது அவர்கள் கவனித்த மாணவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, வளர்ந்து பெரியவர்களான பின், மீண்டும் தேடிப்பிடித்தார்கள். ஐந்தாம் வகுப்பில் இரு பக்கமும் ஒப்புக்கொண்ட ஒரு நெருங்கிய நட்பு இருந்தவர்கள், பெரியவர்களான பின் தங்களைப் பற்றி உயர்வான மதிப்பு வைத்திருந்தார்கள். அப்படி ஒருவரும் இல்லாதிருந்தவர்களிடம் அது குறைவாக இருந்தது. கவனியுங்கள்: பல நட்பு அல்ல, ஒரு நட்பு.

அடுத்த ஆண்டு, 1999-இல், எர்னஸ்ட் ஹாட்ஜஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் வேறொன்றைக் கண்டார்கள். மற்றவர்களின் கேலிக்கும் தொல்லைக்கும் ஆளாகும் குழந்தைக்கு நெருங்கிய தோழமை ஒன்று இருந்தால், அந்தத் தொல்லை மேன்மேலும் வளர்ந்துகொண்டே போவது தடைப்படுகிறது. ஒரு தோழி ஒரு வேலியாக நிற்கிறாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தன்மேல் நம்பிக்கை உள்ள குழந்தைக்கு நட்பு எளிதாகக் கிடைத்தும் இருக்கலாம். ஆய்வாளர்கள் இதை அறிந்தே எழுதுகிறார்கள். மேலும் இவையெல்லாம் மேல்நாட்டுப் பள்ளிகளில் நடந்த ஆய்வுகள். நம் ஊர்ப் பள்ளியில் சியர்லீடர் கிடையாது. அந்தஸ்தைத் தருவது முதல் மதிப்பெண்ணாக இருக்கலாம், ஆசிரியையின் செல்லமாக இருக்கலாம், புதுச் சைக்கிளாக இருக்கலாம். ஏணியின் படிகள் மாறலாம். ஏணி இரண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. இதைப் படித்துவிட்டு, 'உனக்கு யாரைப் பிடிக்காது?' என்று வகுப்பில் கேட்டு எழுதத் தொடங்கிவிடாதீர்கள்! ஆய்வாளர்கள் அதை அனுமதி பெற்று, பெயர்களை இரகசியமாக வைத்துச் செய்கிறார்கள். விளையாட்டாகச் செய்தால் யாரோ ஒருத்தி இரவெல்லாம் அழ நேரிடும்.

மறுபடியும் காகிதத்தை எடுங்கள்

அதற்குப் பதில், நாம் வரைந்த படத்தில் ஒரு சோதனை செய்து பாருங்கள்.

நம் ஏழு பேரில் ஒரே தோழி உள்ளவர்கள் இருவர்: இ-யும் எ-யும். இருவரும் படத்தின் இரண்டு ஓரங்களில் இருக்கிறார்கள். இப்போது ஈ என்ற வட்டத்தை விரலால் மறைத்துப் பாருங்கள். அவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கிறது? ஊ-வும் எ-யும் மற்றவர்களிடமிருந்து அடியோடு துண்டிக்கப்படுகிறார்கள். வகுப்பு இரண்டாக உடைந்துவிடுகிறது.

விரலை எடுத்துவிடுங்கள். இ-க்கும் எ-க்கும் நடுவே புதிதாக ஒரே ஒரு கோடு போடுங்கள். இப்போது ஒரே தோழி உள்ளவர் எவரும் இல்லை. இருவருக்கும் இரண்டிரண்டு பேர் ஆகிவிட்டார்கள். மறுபடி ஈ-யை மறைத்துப் பாருங்கள். இந்தத் தடவை வகுப்பு உடையவில்லை! ஊ-விலிருந்து எ, எ-யிலிருந்து இ, இ-யிலிருந்து உ என்று வழி இருக்கிறது. இத்தனைக்கும் நட்சத்திரமான உ-வுக்கு ஒரு தோழியும் குறையவில்லை. அவளுக்கு முன்பு நான்கு, இப்போதும் நான்கு.

அந்தக் கோட்டைப் போட நட்சத்திரம் எவளும் வரவேண்டியதில்லை. ஓரத்தில் இருந்த இருவரில் ஒருத்தி எழுந்து போய், "இங்கே உட்காரலாமா?" என்று கேட்டிருந்தால் போதும்.

உங்கள் வகுப்பிலும் ஓரத்தில் ஒருத்தி இருக்கிறாளா? நாளை மதிய இடைவேளையில் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள்.